வௌவால் அக்காவின் மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வௌவால் அக்கா என்று பெயர். ஒற்றைத் தலைவலிக்காரி, வெளிச்சம் கண்ணில் பட்டால் போதும், மண்டை பிளந்துவிடும். அதனால் கீழ்த்தளத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேசை விளக்கையும் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துத்தான் வேலை செய்வாள். மூட்டுவீக்கத்துக்கென்று அவள் உருவாக்கிய புது மருந்து அங்கே சொன்ன பேச்சைக் கேட்டது. செல்களில் ஒரு சொட்டு விட்டால் அழற்சி அடங்கிவிடும். அதே மருந்து மேல்தளத்துக்குப் போனால் ஒரு நாள் கேட்கும், மறுநாள் அடம்பிடிக்கும்.

மேலே அதைச் சோதித்துப் பார்ப்பவர் மாடிக்காரர். அவளோடு கல்லூரியில் படித்தவர்தான். கூட்டத்தில் அவர் எதையும் நேராகச் சொல்லவில்லை. கீழே மட்டும் எப்படி எப்போதும் சரியாக வருகிறதோ என்று இழுத்தார். அந்த இழுவையே போதும், அவள் முடிவுகளைத் திரிக்கிறாள் என்று எல்லோருக்கும் எட்டிவிட்டது. இந்த வாரத்தோடு இந்த மருந்தை மூட்டை கட்டிவிடலாம் என்றார் இயக்குநர். மருந்து போனால் போகிறது, பொய்க்காரி என்ற பெயரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மேசையில, உங்க கண்ணு முன்னாடி, நானே செய்யறேன்," என்றாள் மாடிக்காரரிடம்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். சுற்றிலும் ஜன்னல், வெயில் கொட்டியது. மாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் பார்த்தால், அழற்சி துளிகூட அடங்கவில்லை. அவருக்கே பாவமாகிவிட்டது. அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"கை என்னோடது, மருந்தும் என்னோடது. எனக்கே வரலன்னா கோளாறு இந்த இடத்துலதான் இருக்கு."

மாடிக்காரர் அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மேலே மருந்து பேச்சைக் கேட்ட நாளெல்லாம் மழை மூட்டமான நாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் நல்ல வெயிலில், ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, இருட்டில் முக்காலியில் முட்டிக்கொண்டு அவரே செய்து பார்த்தார். மருந்து சமர்த்தாகக் கேட்டது. வெளிச்சம் பட்டதும் சிதைந்துபோகிற மருந்து அது.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார்.

"கீழ எடுத்த ஒவ்வொரு முடிவும் நிஜம். சந்தேகப்பட்டது என் தப்பு."

மருந்தைத் தொடரலாம் என்றார் இயக்குநர். அவள் பெருமையை மறைக்கவே இல்லை. எதற்கு மறைக்க வேண்டும்? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். எல்லோரும் பார்க்க, நிமிர்ந்து, சுள்ளென்ற வெயிலிலேயே வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் தலைவலி வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.