மூன்றாவது மைக்

"கிடைச்சுதாக்கா?" என்று தொலைபேசியில் தம்பி கேட்டபோது, அவள் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக்கொண்டாள்.

"இப்பதான் திறக்கறேன்."

"பெட்டி வந்துடுச்சு. மதியம் சர்ச்சுக்குக் கொண்டு வந்துடுவோம். அம்மா வேற எதுவுமே கேக்கல. பூ வேணாங்கறாங்க, பேச்சு வேணாங்கறாங்க. அப்பா பாடினது ஒண்ணு போட்டா போதுமாம்."

"போடறேன்னு சொல்லு."

தம்பி உடனே வைத்துவிடவில்லை. "அக்கா, சர்ச்சுல உக்காந்து அப்பா குரல நான் கேட்டு ரொம்ப வருஷமாச்சு. மேடைகிட்ட போய் உக்காந்தாதான் கேக்கும். உன் மெஷினுக்கு அவரப் புடிக்காதோ என்னவோ."

"வைடா, வேலை இருக்கு" என்றாள்.

ஆலயத்தின் பின்சுவரை ஒட்டிய கண்ணாடி அறை அவளுடையது. மிக்ஸர் பலகை, கணினி, ஒரு சுழல் நாற்காலி. பலகையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தள்ளுகட்டை. மேலே தள்ளினால் அந்தக் குரல் கூடும், கீழே இறக்கினால் குறையும். மூன்றாவது கட்டை எப்போதும் அடியில் கிடக்கும். வேறு யாரும் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாது என்று அந்த வரிசை முழுவதையும், குரல் வந்தால் எரியும் அதன் சின்ன பச்சை விளக்கையும் சேர்த்து, வெள்ளைப் பிளாஸ்திரியால் அவளே மூடி ஒட்டியிருந்தாள்.

மூன்றாவது மைக் அப்பாவுடையது.

கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகடுகளுக்கு நடுவே வேலை செய்தே காது பாதி போய்விட்ட மனிதர். சுருதி ஒரு பக்கம் போனால் அவர் ஒரு பக்கம் போவார். தாளத்துக்கு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வருவார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாடும்போது அந்த முகம் குளித்துவிட்டு வந்த குழந்தையின் முகம்போல இருக்கும். பாடகர் குழுவில் அவரை எட்டுக்கட்டை என்று கூப்பிட்டார்கள். "எட்டோட நிறுத்திட்டீங்களேடா" என்று அவரும் சிரிப்பார். ஒருமுறை அவர் பாடிய துண்டை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, சபை இளைஞர்களின் தொலைபேசிகளில் எல்லாம் சுற்றவிட்டார்கள். ஆராதனைக்குப் பிறகு வாசலில் ஒரு கூட்டம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் சட்டென்று அமைதியானது. "என்ன பாப்பா, என்னைப் பாத்ததும் வாய மூடிட்டானுங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். "காதுதான் மந்தம். கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த ஞாயிறு அவள் அந்தக் கட்டையை இறக்கினாள். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான். அது நிஜம். ஆனால் அதன்பின் சபையின் பாட்டு பளிங்குபோல ஆயிற்று. வேறு சபைகளிலிருந்து வந்து அவளிடம் கற்றுக்கொண்டு போனார்கள். நேரலையைப் பார்ப்பவர்கள் பெருகினார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே, எந்தக் காரணத்துக்காக அவர் குரலை இறக்கினோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்வதை எப்போதோ விட்டிருந்தாள்.

ஒவ்வொரு ஆராதனையின் முடிவிலும் அவர் இந்த அறை வாசலுக்கு வருவார். மைக்கைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுவார். "நல்லா இருந்துச்சா பாப்பா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

இதை இத்தனை காலம் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு ஒரே ஒரு சமாதானம் உண்டு. கட்டை இறங்கியிருந்தால் அரங்கில்தான் கேட்காது. கணினியோ ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடங்களாக, கட்டைக்கு முன்னாலேயே வாங்கிப் பதிந்துகொள்ளும். திங்கட்கிழமை உட்கார்ந்து நல்லதை எல்லாம் சேர்த்துவிட்டு மூலப் பதிவை அழித்துவிடுவாள். மூன்றாவதை அவள் திறந்து கேட்டதே இல்லை. கேட்கவில்லையே தவிர, ஒரு நாளாவது அவர் குரல் முழுசாக ஓரிடத்தில் இருந்தது. இந்த வாரம் திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்ததால் எதையும் அழிக்கவில்லை. ஞாயிறு கடைசிப் பாட்டு முடிந்த கையோடு மேடையிலேயே சரிந்தவர், வியாழன் விடிகாலையில் போய்விட்டார்.

அந்த நம்பிக்கையில்தான் தம்பியிடம் சரி என்றாள்.

மூன்றாவது தடத்தைத் திறந்தாள். திரையில் ஒரு நேர்கோடு. ஒலியைக் கூட்டினாள். முழுக்கக் கூட்டினாள். குரல் இல்லை. மூச்சு இல்லை. பக்கத்தில் நின்று பாடியவர்களின் சத்தம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரத்தில் கடைசியாகப் பார்த்த அதே கோடு.

மைக் கெட்டுப்போயிருக்குமோ? மேடைக்கு ஓடினாள். அலமாரிப் பெட்டியில் அது கிடந்தது. அன்றைய களேபரத்தில் யாரோ அப்படியே வைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தைத் திருகிக் கழற்றினாள். உள்ளே இரண்டு சுருள் கம்பிகள் மட்டும் இருந்தன.

பேட்டரி இல்லை.

மேடைப் படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு தோள்பையைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாகக் காலையில் அம்மா தந்த பிளாஸ்டிக் பையை மடியில் கொட்டினாள். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், இரண்டு பேட்டரி. "சட்டைப் பையில இருந்துச்சாம். டார்ச்சுக்கு வாங்கினாரோ என்னவோ, நீயே வெச்சுக்கோ" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அவை மைக்குக்குள் சரியாகப் பொருந்தின. பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது.

மற்ற மைக்குகளுக்கு அவள் அடிக்கடி பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு மட்டும் தீரவே தீராது. "உங்க மைக் மட்டும் காத்து குடிச்சே உயிர் வாழுதுப்பா" என்று ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறாள். "ராசியான கைம்மா" என்றார் அவர்.

பாட்டுக்கு முன்னால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முடிந்ததும் மறுபடி பொருத்தி, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். அந்த ஞாயிறு மட்டும் பொருத்த நேரமிருக்கவில்லை. எப்போதிலிருந்து என்று இனி யாரைக் கேட்பது? நான் நல்லா பாடினேனா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நல்லா இருந்துச்சா என்றுதான் கேட்டார்.

பேட்டரிகளை வெளியே எடுத்துக் கையில் பொத்திக்கொண்டாள்.

போதகர் பக்கவாசல் வழியாக வந்தார். அழுது சிவந்த கண்கள். அப்பாவோடு சேர்ந்து வளர்ந்தவர்.

"கிடைக்கலியாம்மா?"

"இல்லை ஐயா."

"போன வருஷம் நம்ம கொயர் பாடினது இருக்கே. சுத்தமா இருக்கும். அதப் போட்டுடலாம். அவரும் அதுல நின்னாருல்ல?"

"நின்னாரு ஐயா."

சொல்லிவிட்டு அவரைப் பார்க்க முடியாமல் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு வால்கள் நினைவுக்கு வந்தன.

அப்பாவுக்கு இடப்பக்கம் நிற்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. அருமையான குரல். மற்றவர்கள் அடியை முடித்து நிறுத்திய பிறகும் அப்பா பின்தங்கி வந்துகொண்டிருப்பதால், அந்த இடைவெளியில் அவருடைய கடைசிச் சொல் ஆசிரியையின் மைக்கில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அவள் அவற்றை வால்கள் என்பாள். திங்கட்கிழமைகளில் பாதி நேரம் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டுவதிலேயே போகும்.

அந்த ஞாயிறு கடைசிப் பாட்டில் ஆசிரியையின் தடத்தைப் போட்டாள். ஒவ்வோர் அடியும் 'அறிவீர்' என்று முடியும் பாட்டு அது. ஆசிரியை அழகாக முடித்து மூச்செடுத்தார். அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல, கரகரத்து, சுருதி இறங்கி, தாமதமாக வந்தது: "...றிவீர்."

வெட்டும் பொத்தானுக்குப் பழக்கத்தில் போன விரலை அவள் இழுத்துக்கொண்டாள்.

பின்னாலேயே வந்து நின்ற போதகரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். அவர் கேட்டார்.

"வெறும் காத்துதாம்மா கேக்குது."

"அடி முடியற இடத்துல கேளுங்க ஐயா."

மறுபடி கேட்டார். இந்தமுறை பிடிபட்டது. "இத எப்படிம்மா... எங்கெங்கயோ இருந்து பாப்பாங்க. நம்ம சர்ச் சவுண்டுன்னு ஒரு பேர் இருக்கு."

"நேரலைய நிறுத்திடறேன்."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். மேடையைப் பார்த்தார். அன்று சரிந்த அப்பாவின் தலையை மடியில் தாங்கியவர் அவர்தான்.

"பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுவல்ல? அதுக்கப்புறம் ஓட விட்டுடாத."

"நிறுத்திடுவேன் ஐயா."

மதியம் பெட்டியை மேடைக்குக் கீழே வைத்தார்கள். பட்டறை ஆட்கள் கடைசி வரிசைகளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, கண்ணாடி அறையைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் தடத்தை ஓடவிட்டாள். ஆசிரியையின் குரல் அரங்கில் நிறைந்தது. முதல் அடி முடிந்தது. தலைக்குமேல் மின்விசிறிகளின் இரைச்சல். இரண்டாவது அடி.

"எங்கடி?" முன்வரிசையில் அம்மா கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினாள். "அவரக் காணோமே."

அவள் ஆசிரியையின் கட்டையை ஏற்றினாள். அதற்குமேல் ஏற இடமில்லை.

தம்பி எழுந்து சுவரோரம் போனான். ஒவ்வொன்றாக விசிறிகளை அணைத்தான். அவை சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றன. ஆசிரியை அடியை முடித்தார். யாரும் அசையவில்லை.

"...றிவீர்."

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்மா எழுந்தாள். பெட்டியைத் தாண்டி, தூணோரம் நின்ற ஒலிபெருக்கியிடம் போய், அதன் கறுப்புத் துணியில் காதை வைத்துக்கொண்டாள். ஒவ்வோர் அடி முடிவிலும் அவள் உதடு கொஞ்சம் தாமதமாக அசைந்தது. அவளுக்கு அந்தத் தாமதம் பழகியிருந்தது.

கடைசி அடி. ஆசிரியை முடித்தார். அப்பா வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும்விடத் தாமதமாக. சொல்லை முடித்தார்.

அதற்கடுத்து என்ன சத்தம் வரும் என்று கண்ணாடி அறையில் இருந்த அவளுக்குத் தெரியும். நிறுத்தினாள்.

ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. அம்மா காதை எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. தம்பி விசிறிப் பொத்தான்களின் பக்கத்திலேயே கையைத் தொங்கவிட்டபடி நின்றான்.