துலக்கிய நாணயம்

நாணயம் என் தம்பியுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளி. அச்சு விரிசல் விட்டதால் அடிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்களாம். மிஞ்சியவை மிகச் சில. தம்பி போன பிறகு அவன் மகளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை விற்றுச் சொந்தமாகத் தையல்கடை வைப்பதாக இருந்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று என் அலமாரியில் வைத்திருந்தாள்.

வாங்குபவர் வருவதற்குச் சற்று முன் உறையைப் பிரித்துப் பார்த்தேன். சட்டியின் அடிபோல் கறுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பொருள் இந்தக் கோலத்தில் அந்நியர் கைக்குப் போவதா? பாத்திரம் துலக்கும் பொடியைத் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். பளபளத்தது. பெருமையாகக்கூட இருந்தது.

வந்தவர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?"

நான் காலி உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கறுப்புதாங்க இதுக்கு மதிப்பே. எத்தனை வருஷமா தானா படிஞ்சது! மயிரிழை மாதிரி விரிசல் கோடு இருக்கும், அதையும் மழுங்கடிச்சாச்சு. இப்ப இது வெறும் வெள்ளி. சேகரிக்கிறவன் ஒருத்தனும் தொட மாட்டான்."

பக்கத்தில் நின்ற தம்பி மகள் என் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பொடி ஒட்டியிருந்தது.

"நான்தான் சார். அழுக்குன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.

"நல்லா நினைச்சீங்க போங்க! குரங்கு கையில பூமாலை."

எங்கள் வீட்டுப் பெண்ணை என் எதிரிலேயே ஒருவர் குரங்கு என்கிறார். அந்தப் பட்டம் எனக்குரியது. அப்போதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்த பிறகுதான் நாக்கு அசைந்தது.

"தேய்ச்சது நான்."

"நீங்க சும்மா இருங்க பெரியப்பா. எனக்காகப் பழியை ஏத்துக்கிறாரு சார். எப்பவுமே இப்படித்தான்."

வந்தவர் முகம் கனிந்தது. "பெரியவங்கன்னா இப்படி இருக்கணும். நீ குடுத்து வச்ச பொண்ணும்மா." என்னை வணங்கிவிட்டுப் போனார். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"அந்த ஆளு நாலு இடத்துல சொல்லிச் சிரிப்பாரு. நான் தாங்கிக்குவேன். நீங்க தாங்க மாட்டீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபித்திருந்தால் தேவலை.

"நேரமாச்சு பெரியப்பா. முதலாளியம்மா கத்துவாங்க." பையை எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கக் கிளம்பினாள்.