மூத்த மாப்பிள்ளையும் பெட்ரோல் குழாயும்

ஆற்றங்கரையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் பழுதுபார்க்கும் ஷெட் மாமனார் கட்டியது. முட்டி வலி வந்து அவர் வீட்டோடு உட்கார்ந்தபோது, சாவியை மூத்த மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மூத்தவரும் அதைத் தன் மூச்சாகப் பார்த்துக்கொண்டார். பிறகு இளைய மகளுக்கு வரன் பார்த்தார்கள். டாக்டர், வக்கீல் என்று எத்தனையோ இடம் வந்தும், கடைசியில் வாய்த்தவனும் படகு மோட்டார் மெக்கானிக்தான். "அதுக்கென்ன, ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்கப்பா" என்றார் மாமனார். அன்று பிடித்தது மூத்தவருக்கு வயிற்றெரிச்சல்.

சகலை கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இவன் சிரித்த முகமாக வருவான், "அண்ணே, அண்ணே" என்று சுற்றி வருவான், இஞ்சின் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவான். மூத்தவர் நாள் முழுக்கப் பிரித்து மேய்ந்து சரிசெய்தால் "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள், அவன் ஒரு திருகைத் திருகினால் "கைராசிக்காரன்!" என்றார்கள். இவர் செய்தால் மண்குடம், அவன் செய்தால் பொன்குடம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பயணிகளை ஏற்றி அக்கரைக்கு விடும் படகுக்கார அம்மா விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை. ஷெட் தொடங்கிய காலத்திலிருந்து வருகிறவர் அவர். அவருடைய மோட்டார் கரையில் நின்றால் தேன் மாதிரி ஓடும். நடு ஆற்றில் முறுக்கினால் இருமி இருமி நின்றுவிடும். மூத்தவர் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பில்டரை மாற்றினார், பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார். மறுநாளும் நடு ஆற்றில் நின்றது.

அந்த அம்மா காலையில் ஷெட்டுக்குள் வந்து, மூத்தவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"சின்னவர் இல்லையா?"

மூத்தவருக்குச் சுருக்கென்றது. "என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லலாமே."

"உங்ககிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்குது. அவரும் ஒருதரம் பாக்கட்டுமே. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

சகலை வந்தான். படகைத் துறையில் கட்டியபடியே மோட்டாரைக் கியரில் போட்டு முறுக்கினான். தண்ணீர் நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கி, இஞ்சின் நின்றது. அவன் மூடியைத் திறந்து உள்ளே குனிந்தான். "பெட்ரோல் பம்ப் இழுக்கலைன்னு நினைக்கிறேன் அண்ணே" என்றான்.

மூத்தவர் துறையில் நின்றபடி வேறொன்றைப் பார்த்தார். டேங்குக்கும் இஞ்சினுக்கும் இடையே ஓடும் ரப்பர் குழாயின் நடுவில், கையால் அமுக்குகிற உருண்டை ஒன்று உண்டு, பல்பு என்பார்கள். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தது. பம்ப் இழுக்கவில்லையென்றால் பல்பு ஒட்டாது. பம்ப் நன்றாகத்தான் இழுக்கிறது. டேங்க் பக்கமிருந்துதான் பெட்ரோல் வரவில்லை. பார்வையை டேங்குக்கு நகர்த்தினார். மூடியில் காற்று போவதற்கான சின்னத் திருகு இறுக்கி மூடியிருந்தது. காற்று உள்ளே போகாத டேங்க் எப்படிப் பெட்ரோலைக் கொடுக்கும்?

நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார். கைராசிக்காரன் மூக்குடைபடுவதை ஒருதரம் கண்குளிரப் பார்த்துவிடலாம் என்று ஓர் ஆசை. எதிரிலிருந்த கயிற்றுச் சுருளில் உட்கார்ந்து, சகலை நல்ல பம்பைப் பிரித்து உள்ளிருந்த ரப்பர்த் தகட்டை மாற்றுவதை உதட்டோரச் சிரிப்போடு வேடிக்கை பார்த்தார். பொறாமை கொஞ்ச நேரம் இனிக்கவும் செய்யும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"முடிஞ்சுது. ஒரு ஓட்டம் போய்ப் பாத்துடலாம்" என்றான் சகலை.

"நீங்களும் ஏறுங்க பெரியவரே. நின்னுட்டா துடுப்புப் போட ஆள் வேணும்" என்றார் அந்த அம்மா. மூத்தவர் மறுக்கவில்லை. நிற்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

நடு ஆற்றில், சரியாக அவர் எதிர்பார்த்தபடி, நின்றது. எதிர்பார்க்காதது ஒன்றும் வந்தது. மேற்கு வளைவிலிருந்து மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று, ஊதியபடி, நேராக இவர்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நீரோட்டமும் இவர்களை அதன் வழியில்தான் தள்ளியது.

"அய்யோ, அவன் திருப்ப மாட்டான்! பாரம் ஏத்தினவன்!" அந்த அம்மா துடுப்பைப் பாய்ந்து எடுத்தார்.

மூத்தவரின் இனிப்பெல்லாம் தொண்டையிலேயே கசந்தது. "சகலை, டேங்க் மூடி! காத்துத் திருகைத் திற!"

அவன் திறந்தான். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பல்பை அமுக்கிக் கயிற்றை இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மணல் படகின் அலை இவர்களை ஆட்டிவிட்டுப் போனது. மூத்தவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த அம்மா மூச்சு வாங்கியபடி கேட்டார், "இதைக் கரையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"இப்பத்தான் தோணுச்சு" என்றார் மூத்தவர்.

சகலை அவரை ஒருதரம் பார்த்தான்.

நிமிர்த்திய நெஞ்சு நெடுநேரம் நிற்கவில்லை. அக்கரை தெரியும் தூரத்தில் மறுபடி இருமல், மறுபடி அமைதி. பல்பு மறுபடியும் சப்பையாக ஒட்டியிருந்தது. திருகு திறந்தபடிதான் இருந்தது. மூத்தவருக்குக் காது சூடேறியது. கரையில் உட்கார்ந்து ரசித்து ரசித்து ஒளித்து வைத்த பதில் அரைப் பதில்!

"துடுப்புப் போடுங்க அண்ணே, நான் குழாயைப் பாக்கறேன்" என்றான் சகலை.

மூத்தவர் துடுப்புப் போட்டார். சகலை டேங்க் பக்கக் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினான். காற்று தாராளமாகப் போனது. பிறகு உறிஞ்சினான். கன்னம் குழிந்ததுதான் மிச்சம், எதுவும் வரவில்லை. உதட்டில் ஒட்டிய பெட்ரோலைத் துப்பிக்கொண்டே சிரித்தான்.

"ஊதினா போகுது, உறிஞ்சினா அடைக்குது. உள் ரப்பர் உரிஞ்சு தொங்குது அண்ணே. மெதுவா ஓடினா வழி விடும், வேகமா இழுத்தா ஒட்டிக்கும்."

டேங்கோடு சேரும் இடத்தில், வெயில் பட்டு உப்பியிருந்த சாண் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் செருகி இறுக்கினான். அதன் பிறகு மோட்டார் நிற்கவில்லை. எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. கரை சேர்ந்ததும் முழுக் குழாயையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். சகலை நடந்ததைக் கூடத்தில் விவரித்தான். "அண்ணன் மட்டும் மூடியைப் பாக்கலைன்னா, மணல் படகு எங்களை மிதிச்சிட்டுப் போயிருக்கும் மாமா" என்றான். குழாயைப் பற்றி, "அப்புறம் ஒரு சின்னக் கோளாறு, அதையும் பாத்தோம்" என்று முடித்துவிட்டான்.

மாமனார் மூத்தவரின் தோளைத் தட்டினார். மனைவி கதவோரம் நின்று பெருமையாகப் பார்த்தாள். மூத்தவருக்கோ உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இவன் பாராட்டிவிட்டான்! நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டான்!

கை கழுவப் பின்பக்கம் போனபோது சகலையும் வந்தான். மூத்தவர் பொறுக்க மாட்டாமல், "எதுக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

"எப்படி?"

"நான் என்னமோ பெரிசா..."

சகலை குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டே பேசினான். "கரையிலேயே நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியும் அண்ணே. நான் பம்பைப் பிரிக்கும்போது நீங்க சிரிச்சீங்க. நீங்க சும்மா சிரிக்கிற ஆளா?"

மூத்தவர் தன் கையையும் குழாயடியில் நீட்டினார்.

"கோபம் வந்துது. அங்கேயே கேட்டுடலாம்னு பாத்தேன்." கையை உதறினான். "ஆனா நானும் யோக்கியன் இல்லை. போன மாசம் நீங்க ஒரு மோட்டாரைத் தப்பாப் பூட்டினப்போ, நானும் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன பண்றது? வீட்டுல இவளுக்குக் காலைலேர்ந்து உங்க புராணம்தான். 'அத்தான் செஞ்சா திரும்பி வராது, அத்தான் மாதிரி நிதானம் வேணும்'னு. உங்க பேரைக் கேட்டாலே எனக்கு எரியும்."

"எரியுமா?"

"நல்லாவே எரியும்."

மூத்தவர் அவனை நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. கொஞ்சம் வெட்கமும் பட்டார். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியதை அவரால் மறைக்க முடியவில்லை. கைராசிக்காரனுக்கே தன் மேல் பொறாமை!

"அடுத்த தரம் பாத்தா சொல்லிடு" என்றார்.

"நீங்களும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு இருவரும் பார்த்ததைச் சொல்லிக்கொண்டார்கள், பெரும்பாலும். படகுக்கார அம்மா மட்டும் ஷெட்டுக்கு வரும்போது இன்னமும் பின்னால் எட்டிப் பார்த்துச் "சின்னவர் இல்லையா?" என்றுதான் கேட்கிறார். மூத்தவருக்கு இன்னமும் சுருக்கென்கிறது.