அடிக்காத அழைப்புமணி

மே மாதத்து முதல் சனிக்கிழமை குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் கூடி முற்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சங்கத் தலைவி ஹில்க்கா காலையிலேயே இலை வாரும் வாருகோல்களைச் சுவரில் சாய்த்துவைத்து, பெரிய பானை நிறையப் பட்டாணி சூப்பும் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். வந்தவர் செயற்குழு உறுப்பினர் வெய்க்கோ ஒருவர்தான். அவரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்.

இந்த வருஷமும் ஆள் சேராவிட்டால் ஆப்பிள் மரங்களை வெட்டிவிட்டு முற்றத்தைக் கார் நிறுத்துமிடமாக்கிவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"ஒருத்தருக்கும் அக்கறை இல்ல, ஹில்க்கா. நீ மட்டும் ஏன் மல்லுக்கட்டுற?" என்றார் வெய்க்கோ.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்பு வெள்ளிக்கிழமைதோறும் கீழ்த்தளத்துப் பொது சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், பெண்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கும்போதே யார் வாருவது, யார் சூப் வைப்பது எல்லாம் பேசி முடிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வீடு குட்டி சவுனா வந்தது. அதற்குக் கைதூக்கியவர்களில் ஹில்க்காவும் ஒருத்தி. பொது சவுனாவில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. செய்தி சொல்ல மிச்சமிருப்பது மாடிப்படி அறிவிப்புப் பலகைதான். கதவைத் தட்டிக் கூப்பிடலாமே என்று கேட்காதீர்கள். பின்லாந்தில் நாங்கள் அடுத்த வீட்டு மணியை அடிக்க வேண்டுமானால் குழாயாவது உடைந்திருக்க வேண்டும். தொந்தரவு செய்யாதிருப்பதுதான் எங்களுக்கு மரியாதை. அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. போன வருஷமும் அதே முகம்தான். வேடிக்கை பார்க்க நேரமிருக்கிறது, இறங்கிவர முடியவில்லையா? ஹில்க்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று படியேறிப் போய் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவள் ஓர் இளம்பெண். பெயர்ப்பலகையில் மிர்வா என்றிருந்தது. வீட்டுக்குள்ளேயே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் ஹில்க்காவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"வாருகோல் மிச்சமிருக்கு," என்றாள்.

"நானும் வரலாமா? வருஷா வருஷம் பூட்ஸ மாட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட நிப்பேன். நீங்கல்லாம் பழைய சிநேகிதக்காரங்க, கூப்பிடாம எப்படி நடுவுல வந்து நிக்கிறதுன்னு இருந்துடுவேன். குடிவந்து நாலு வருஷமாச்சு. இந்த மணி எப்படிச் சத்தம் போடும்னே இன்னைக்குத்தான் தெரியுது."

ஹில்க்காவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. கீழே இறங்காமல் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அங்க யாரு இருக்காங்க?" என்று மிர்வா கேட்டாள்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றபடி ஹில்க்கா மணியை அடித்தாள்.