நெதர்லாந்திலிருந்து மூன்று நிமிடம்

நெதர்லாந்திலிருந்து மூன்று நிமிடத்தில் தமிழ்நாட்டுக்கு எவனாலும் வந்துவிட முடியாது. இதை யார் போய் அவரிடம் சொல்வது?

ஹில்டா அடுப்படி வாசலில் நின்று மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியசாமி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாளாக இதே வேலை. காலையில் சாப்பிட்டதும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், ஒவ்வொரு ரயிலிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார். நேற்று பிளாட்பாரத்திலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாராம்.

“வந்துட்டான்மா. ஊட்டுக்கு வரத்தான் கூச்சப்படறான்,” என்றார் இன்றைக்கும்.

அவர் மகன், ஹில்டாவின் புருஷன் ரெனிஷ், போய்ப் பதினான்கு மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பியவன் திரும்பவில்லை. கொரட்டூர் ஏரிக்கரையில் பைக் மட்டும் நின்றது, கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு. ஏரியில் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆரோக்கியசாமி சோற்றை ஒதுக்கினார். ஆறாம் மாதம், மகனின் பழைய லேப்டாப்பில், அவனுடைய ஈமெயில் எங்கிருந்து திறக்கப்பட்டது என்று காட்டும் பக்கத்தில், நெதர்லாந்து என்று ஒரு வரி வந்தது. பிறகு மாதம் ஒரு தரம் வந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். போலீசுக்குச் சொன்னால் பயந்து இதையும் நிறுத்திவிடுவான் என்று நாத்தனார் ஹெலினா தடுத்துவிட்டாள்.

ஹில்டாவுக்கும் அது போதுமாயிருந்தது. ஏதோ குளிர் தேசத்தில், எவளோ ஒருத்தியோடு, தன்னை மறந்து உயிரோடிருக்கும் ஒருவனை அவள் மனதார வெறுத்தாள். அந்த வெறுப்பில்தான் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். வேலை, கம்ப்யூட்டர் உதவி மையத்தில். வி.பி.என். ஆப் போட்டால், இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஐ.பி. முகவரி நம்முடையதாக இருக்காது, நடுவில் வேறு நாட்டில் நிற்கும் சர்வருடையதாக இருக்கும் என்று நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிறவள். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் அது தோன்றவில்லை. தோன்றவிடவில்லை.

போன ஞாயிறு அந்தப் பக்கத்தில் மாலை 5.40க்கு நெதர்லாந்து. 5.43க்குத் தமிழ்நாடு. நடுவில் வி.பி.என். அறுந்து, உண்மையான முகவரி வெளியே வந்திருக்கிறது. அந்த நேரத்தில் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன ஹெலினா வெகுநேரம் இறங்கி வரவில்லை.

இன்று அடுப்படியில் ஹில்டா கேட்டதும் ஹெலினா மறைக்கவில்லை, மாதாமாதம் திறந்தது அவள்தான். அண்ணனின் பாஸ்வேர்டு அவளுடைய பிறந்த தேதிதானாம்.

“அந்த வி.பி.என். ஆப்ல இலவசமா மூணே நாடுதான் அண்ணி குடுக்கறாங்க. நெதர்லாந்து மொதல்ல இருந்துச்சு.”

ஹில்டாவுக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டு மாதமாக யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்? மனசுக்குள் அவனுக்கு ஸ்வெட்டர்கூடப் போட்டுப் பார்த்தாளே. வெறுப்பு இருந்த இடத்தில் இப்போது ஏரி கிடந்தது, அலையே இல்லாமல்.

ஹெலினா விடவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை நெதர்லாந்து என்று காட்டிவிட்டால் போதும், மகன் திரும்பிப் போய்விட்டான் என்று அப்பா நம்பிவிடுவார் என்றாள். ஆனால் நாடு விட்டு நாடு தாவியதில் ஈமெயில் கணக்குக்குச் சந்தேகம் வந்து, பூட்டிக்கொண்டு, ரகசிய எண் கேட்கிறது. அந்த எண் வருவது ஹில்டாவின் போனுக்கு. ரெனிஷ்தான் அப்படி எழுதி வைத்திருந்தான்.

“அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க அண்ணி. அப்பா வெயில்ல நிக்கிறத நிறுத்திடுவாரு.”

கையிலிருந்த போன் அதிர்ந்தது. எண் வந்திருந்தது.

கூடத்திலிருந்து ஆரோக்கியசாமி தண்ணீர் கேட்டார். ஹில்டா பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சூடு ஆறாத சட்டையின் காலரைத் திருப்பிவிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது ஹெலினா தன் போனில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

எண்ணைச் சொன்னால் ரெனிஷ் இன்னொரு தரம் உயிரோடு கிளம்பிப் போவான். இந்தத் தடவை அனுப்பிவைப்பது அவளாக இருக்கும்.

“வேணாம் ஹெலினா,” என்றாள் ஹில்டா, மெதுவாக. போனை அரிசி டின்னின் மேல் கவிழ்த்து வைத்தாள்.