எழுந்து போகாத ஒன்பது நிமிடம்

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஓசியில் கிடைத்தது. சுவர் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவள் வானிலை அறிக்கைக்கு முன்னால் சட்டென்று வாசிப்பதை நிறுத்தினாள். மூன்று விநாடி. பிறகு தொடர்ந்தாள்.

"மெஷின்ங்க அது. ஆள் கிடையாது," என்றார் பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

மெஷினுக்கு எதற்கு யோசனை? பல்வலி போய், இது பிடித்துக்கொண்டது.

2

முதல் தொடக்கம்: 'செய்தித் துறையில் புதிய தொழில்நுட்பம் காலடி வைத்தபோது' (வேண்டாம். அறிக்கை மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: அவள் பதினெட்டு வருடம் ஒரு மணிச் செய்தி வாசித்தவள். சேனல் நிர்வாகம் அவளைப் போலவே ஒருத்தியைக் கணினியில் செய்தது. பழைய பதிவுகளில், முகம் அதிகம் அசையாத ஒன்றாகப் பார்த்து அடிப்படைக்கு எடுத்தார்கள். அவள் முகம் அசையாமல் இருந்தது ஒரே ஒரு நாள்.

அன்று வானிலைக்கு முன்னால், காதுக் கருவியில்* தயாரிப்பாளர் சொன்னார்: "மேடம், உங்கப்பா தவறிட்டாராம். இன்னும் ஒம்பது நிமிஷந்தான். முடிச்சுட்டுப் போயிடுங்க."

மூன்று விநாடி நின்றாள். பிறகு ஒன்பது நிமிடமும் வாசித்தாள்.

(* நேயர்களுக்குக் கேட்காது. வாசிப்பவருக்கு மட்டும்.)

3

எழுந்து போயிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அவளை எழுப்பிவிடத்தான் அந்த இடத்தை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினேன்; அவள் எழவில்லை. வீட்டில் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் அம்மா அந்த ஒன்பது நிமிடமும் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் மகள் அழுது தீர்த்திருப்பாள்.

இப்போது அந்த நிறுத்தம் தினமும் ஒளிபரப்பாகிறது. அவள் டெக்னீஷியனிடம் போனாள்.

"அந்த எடத்த எடுத்துடுங்க."

"எடுத்தா முகமே கலஞ்சிடும் மேடம். மொத்தமும் அதுமேலதான் நிக்குது."

"அது காதுல ஏதாவது போகுதா?"

"கருவி படத்துல மட்டுந்தான். ஒண்ணும் போகாது."

"அப்ப எதக் கேக்குது?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "முந்தி மூணு விநாடிதான் நின்னுச்சு. இந்த வாரம் அஞ்சு."

4

முடிவு ஒன்று: அவள் வேலையை விடுகிறாள். (விடட்டும். அது தினமும் வாசித்துக்கொண்டுதான் இருக்கும்.)

முடிவு இரண்டு: அம்மாவிடம் மன்னிப்பு கேட்க, அம்மா அவள் கையைப் பிடித்து (எனக்கே நம்பிக்கை இல்லை.)

மிச்சம் இருப்பது இதுதான். இன்று ஒரு மணிச் செய்தி. கட்டுப்பாட்டு அறையில் நிற்கிறாள். வானிலை வருகிறது, மெஷின் நிற்கிறது. ஐந்து. ஆறு. ஏழு. யாரோ ஏதோ சொல்வார்கள் என்று காத்திருக்கும் முகம். யாரும் தடுப்பதற்குள் அவள் தயாரிப்பாளரின் மைக் பொத்தானை அழுத்துகிறாள்.

"எந்திரி. வீட்டுக்குப் போ."

'திரையில் வெறும் நாற்காலி' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். எழுந்து போக அதற்கு இடுப்புக்குக் கீழே எதுவும் செய்யப்படவில்லை.

ஆனால் நாற்காலி வெறுமையாகத்தான் இருக்கிறது, நான் அடித்த பிறகும். வீட்டில் அம்மா டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கதவு தட்டப்படுகிறதா என்று நான் எழுதப்போவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா எழுந்து போய்த் திறப்பாளா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.