ஸ்டெப்னி இல்லாத கார்

காத்தான் டிக்கியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு கோணிச் சாக்கும் வாளியும் தவிர வேறொன்றுமில்லை.

"ஸ்டெப்னி எங்க மச்சான்?"

"மொதலாளி கழட்டி வச்சுக்குவாரு மாப்ள. குடுத்தா வித்துப்புடுவோமாம். பஞ்சர் ஒட்டுற சாமான்கூடக் கெடையாது," என்றான் செல்லதுரை. அவன் கும்பகோணத்தில் வாடகைக் கார் ஓட்டுபவன். காத்தானுக்குக் கட்டிக்கொடுத்த தங்கை அம்சத்தைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக நேற்று மாலை வந்திருந்தான். அந்த முதலாளி மகராசன் டயரைக் காப்பாற்றிவிட்டார். காரில் ஏறுகிறவன் பாடு ஏறுகிறவனோடு.

பின்சீட்டில் அம்சம் அலறினாள். விடியும்போது வலி கண்டது. இப்போது பிள்ளையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. "பெரியாஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டு உசிரும் தங்கும்," என்று மருத்துவச்சி பொன்னுத்தாய் காத்தானின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

ஊரைவிட்டு வெளியே போக வாய்க்கால்கரை மண்பாதை ஒன்றுதான். அதில் ராத்திரி ஆணிப்பலகை புதைத்தவர்களில் காத்தானும் ஒருவன். ஆட்சி மாறினால் கூலி ஏறும் என்றார்கள். ஆட்சி மாறியது, கூலி அப்படியேதான் இருந்தது. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்குப் பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் லாரி டயரைக் கிழிக்கக் கூலியாட்கள் சங்கம் செய்த ஏற்பாடு அது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், இத்தனை சீக்கிரமா சுட வேண்டும்? கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஊரில் ஆளுமில்லை. சங்கத் தலைவர் நல்லக்கண்ணுவோடு எல்லோரும் வயலைக் காக்கப் போயிருந்தார்கள்.

"நான் முன்னால கெளறிப் பாத்துட்டுப் போறேன். கை காட்டுனப்புறம் உருட்டு மச்சான்."

கம்பால் கிளறிக்கொண்டே வெறுங்காலோடு நடந்தான். தான் புதைத்த இடம் அவனுக்குத் தெரியும். மற்றவர்கள் எங்கே புதைத்தார்களோ! ஒன்றைத் தவறவிட்டாலும் கார் அங்கேயே உட்கார்ந்துவிடும், அம்சம் நடுவழியில் செத்துப்போவாள். அகப்பட்ட பலகையையெல்லாம் பிடுங்கிக் கரையோரம் போட்டான். ஓர் ஆணி உள்ளங்காலில் ஏறியது, பிடுங்கிவிட்டு நடந்தான். பின்னால் அவள் கத்தும்போது பயந்தான், சத்தம் நின்றபோது அதைவிடப் பயந்தான்.

தார்ரோடு கண்ணில் பட்டதும் திரும்பிப் பார்த்தான். வந்த வழி முழுக்கத் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. லாரி வந்தால் தடையே இல்லை. கார் கடந்ததும் கடைசிப் பலகைகளையாவது திரும்பப் புதைத்துவிடலாம் என்று குனிந்தான்.

ஜன்னல் வழியாக அம்சம் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டாள். "போயிடாதய்யா. பயமா இருக்கு." அவள் கை சில்லிட்டிருந்தது. பலகையை அப்படியே போட்டுவிட்டு ஏறினான்.

திருப்பத்தில் லாரி நின்றது. ஆணிக்குப் பயந்து பாதைக்குள் இறங்காமல் காத்திருந்த லாரி. மேலே அரிவாளும் கையுமாக ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து நின்றார்கள். காருக்குள் எட்டிப் பார்த்த ஒருத்தி, "புள்ளத்தாச்சிய்யா! வண்டிய ஒதுக்கு!" என்று கூவினாள். லாரி ஒதுங்கி வழிவிட்டது. "மாரியாத்தா இருக்கா தாயி, போய்ட்டு வா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கார் தார்ரோட்டில் ஏறியதும் லாரி பாதைக்குள் திரும்பியது. கார் வந்த தடத்திலேயே, தயங்காமல் போனது. அங்கே வயலில் நல்லக்கண்ணுவும் மற்றவர்களும், லாரி வராது என்ற நம்பிக்கையில் நிற்பார்கள்.

செல்லதுரை கண்ணாடியில் பார்த்துவிட்டான். அவன் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தவா மாப்ள? ஓடிப்போயாவது சொல்றியா?"

அம்சம் காத்தானின் துண்டை இன்னும் விடவில்லை.

"போ மச்சான், நிக்காத," என்றான் காத்தான். அழுதுகொண்டேதான் சொன்னான்.